ஆறாத புண்ணும் ஓயாத கவலையும்

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளையணுக்களில் டி செல்கள் என்ற வகை இங்கே வந்துதான் முதிர்ச்சி அடைகிறது. உடலுக்குச் சொந்தமானது எது, வெளியிலிருந்து புகுந்தது எது என்று பிரித்தறியும் பழக்கம் அவற்றுக்கு இங்கேதான் கிடைக்கிறது. குழந்தைப் பருவத்தில் மும்முரமாக வேலை செய்யும் இந்தச் சுரப்பி, பருவ வயதைத் தாண்டியதும் வேகமாகச் சுருங்கத் தொடங்குகிறது. எழுபது வயதில் அதன் பெரும்பகுதி வெறும் கொழுப்பாக மாறியிருக்கும்.

அதனால் வயது ஏற ஏற, புதிதாகப் பயிற்சி பெற்ற டி செல்களின் வரத்து குறைந்துகொண்டே போகிறது. ஏற்கெனவே பார்த்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் பழைய செல்களே பெரும்பாலும் எஞ்சுகின்றன. சிறு வயதில் வந்த தட்டம்மை எண்பது வயதிலும் திரும்ப வராததற்கு அந்த நினைவுதான் காரணம். ஆனால் அதுவரை உடல் பார்த்திராத கிருமி வந்தால் நிலைமை வேறு. 2020இல் கொரோனா பரவியபோது அது முதியவர்களையே அதிகம் பலி வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்டுதோறும் உருமாறும் ஃப்ளூ காய்ச்சலும் அப்படித்தான். தடுப்பூசி போட்டாலும், இளைஞர்களின் ரத்தத்தில் உருவாகும் அளவுக்கு எதிர்ப்பொருள் முதியவர்களிடம் உருவாவதில்லை. போதாக்குறைக்கு சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான இந்தியர்களின் உடலில் இது சின்ன வயதிலேயே குடியேறி, எந்தத் தொந்தரவும் தராமல் ஒதுங்கியிருக்கும். அதை அடக்கி வைப்பதற்காகவே டி செல்களில் கணிசமான பங்கு ஒதுக்கப்பட்டுவிடுவதால், வயதான காலத்தில் மற்ற கிருமிகளைக் கவனிக்க ஆள் குறைந்துவிடுகிறது.

எதிர்ப்பு சக்தி தேய்வது விஷயத்தில் பாதிதான். மறுபாதி அழற்சி. அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்குமே, அதுதான் அழற்சி. கிருமியை ஒழித்துக் காயத்தை ஆற்றுவதற்காக உடல் மேற்கொள்ளும் வேலை அது. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். முதியவர்களின் உடலில் காயமோ காய்ச்சலோ இல்லாதபோதும் இது மிக மெல்லிய அளவில் நாள் முழுக்க இருந்துகொண்டே இருக்கிறது. முதுமையோடு சேர்ந்து வரும் இந்த அழற்சிக்கு 2000ஆம் ஆண்டில் தனிப்பெயர் சூட்டி, அதை ஒரு ஆராய்ச்சித் துறையாகவே ஆக்கியவர் இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ பிரான்செஸ்கி. மூப்படைந்து, பிரிவதை நிறுத்திவிட்ட செல்கள், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, கவனிக்காமல் விட்ட ஈறு நோய் என இதற்குக் காரணங்கள் பல. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் அழற்சி எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். மாரடைப்பு, சர்க்கரை நோய், தசை மெலிவு, எலும்புத் தேய்மானம் ஆகியவற்றுக்கும் இந்தப் புரதத்துக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

ஆக, முதுமையில் தேவையான எதிர்ப்பு குறைகிறது, தேவையற்ற அழற்சி கூடுகிறது. மன உளைச்சல் நெடுநாள் நீடித்தால் அதுவும் இதே இரண்டையும் செய்கிறது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதால்தான், இளம் வயதில் தாங்கிக்கொள்ள முடிந்த கவலை அறுபதுக்கு மேல் உடம்பைப் படுத்துகிறது.

உளைச்சல் எல்லாமே கெடுதல் என்று நினைக்க வேண்டியதில்லை. நாய் துரத்தும்போதும், மேடையில் பேச ஏறும்போதும் வரும் சில நிமிடப் பதற்றம் வெள்ளையணுக்களை ரத்தத்தில் இறக்கி, உடலைக் காயத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. பதற்றம் தீர்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தீராத பதற்றம்தான் ஆபத்தானது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அப்போது கார்டிசால் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கின்றன. இந்த ஹார்மோன் என்ன செய்யும் என்பது, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட எவருக்கும் தெரிந்த விஷயம்தான். வலியும் வீக்கமும் வடியும். ஆனால் நாள்கணக்கில் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் வரும், புண் சீக்கிரம் ஆறாது, எலும்பு வலுவிழக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்த கார்டிசோன், உடல் தானே சுரக்கும் இந்த ஹார்மோனின் நெருங்கிய உறவுதான். 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓயாத கவலையில் இருப்பவர், டாக்டர் எழுதித் தராமலேயே சிறிதளவு ஸ்டீராய்டைத் தினமும் எடுத்துக்கொள்கிறார் என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை.

அட்ரினல் சுரப்பி டிஹெச்இஏ என்ற இன்னொரு ஹார்மோனையும் சுரக்கிறது. கார்டிசாலின் கெடுதிகளை ஓரளவு ஈடுகட்டுவது அதுதான். இருபதுகளில் உச்சத்தில் இருக்கும் அதன் அளவு, எழுபது வயதுக்குள் மிகவும் குறைந்துவிடுகிறது. கார்டிசாலோ அப்படிக் குறைவதில்லை. எனவே ஒரே அளவு கவலை, இளையவரைவிட முதியவரின் வெள்ளையணுக்களைக் கடுமையாகத் தாக்குகிறது. துணையை அண்மையில் இழந்த முதியவர்களை இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோபில் அணுக்களின் திறன் அவர்களிடம் குறைந்திருந்ததும், டிஹெச்இஏவோடு ஒப்பிடும்போது கார்டிசால் கூடியிருந்ததும் தெரிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். கார்டிசால் அழற்சியை அடக்கும் மருந்து என்றால், கவலைப்படுபவரின் உடலில் அழற்சி ஏன் கூடுகிறது? திருவிழாவில் நாள் முழுக்க அலறும் ஒலிபெருக்கியைச் சில மணி நேரத்தில் காது கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது போல, கார்டிசால் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் வெள்ளையணுக்கள் அதன் கட்டளைக்குப் பணிவதை நிறுத்திவிடுகின்றன. அதனால் அடங்க வேண்டிய அழற்சி அடங்குவதில்லை. கிருமியை எதிர்க்கும் வேலையும் சரியாக நடப்பதில்லை, தேவையில்லாத சண்டையும் ஓய்வதில்லை என்ற விநோதமான நிலை இப்படித்தான் உண்டாகிறது.

இவையெல்லாம் ஆய்வகக் கணக்குகள் மட்டும்தானா, நிஜ வாழ்க்கையிலும் நடக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கும்படி நிரூபித்தவர்கள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசரும், அவருடைய கணவரான நோயெதிர்ப்பு விஞ்ஞானி ரொனால்ட் கிளேசரும். மனத்துக்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பை ஆராய அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், அல்சைமர் போன்ற மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர். இந்தத் தேர்வுதான் அவர்களுடைய ஆய்வுகளின் பலம். பரீட்சை பயம் ஒரு வாரத்தில் போய்விடும்; மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஆண்டுக்கணக்கில் நீளும். நாளைக்குக் கொஞ்சம் தேவலாமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் அதில் இடமில்லை.

1995இல் லான்செட் இதழில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு மிக எளிமையானது. மறதி நோயாளியான உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள் ஒரு பக்கம். வயதிலும் குடும்ப வருமானத்திலும் அவர்களை ஒத்த, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருமே அறுபதை ஒட்டிய வயதினர். ஒவ்வொருவரின் முன்கையிலும் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் தோலைத் துளைத்து எடுத்தார்கள். பிறகு அந்தச் சின்னப் புண் ஆறுவதைத் தொடர்ந்து படம் பிடித்து அளந்தார்கள். முழுதாக ஆறிவிட்டதா என்று பார்க்க அவர்கள் பயன்படுத்தியது, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் விட்டால் நுரை பொங்கும். தோல் மூடிவிட்டால் பொங்காது. கவலை இல்லாத பெண்களுக்கு நுரை பொங்குவது நிற்கச் சராசரியாக 39.3 நாள் ஆனது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு 48.7 நாள். கடுகளவு புண் ஆற ஒன்பது நாள் கூடுதல்.

இந்த ஒன்பது நாளை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆறாமல் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி உள்ளே நுழைய ஒரு வாய்ப்பு. சர்க்கரை நோயாளியின் காலில் வரும் கொப்புளம், கண்புரை அறுவை சிகிச்சை, முழங்கால் மாற்று சிகிச்சை, படுக்கைப் புண் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தலைமையில் இந்தியா முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை கூடினால் வெள்ளையணுக்கள் மந்தமாகும். கவலையில் கார்டிசால் கூடினால் சர்க்கரையும் கூடும். இரண்டும் ஒரே உடலில் சேரும்போது காலில் வந்த சிறு புண், விரலை எடுக்கும் அளவுக்குப் போகக்கூடும். புண்ணுக்குக் கட்டுப்போட வந்தவரிடம், வீட்டில் என்ன கஷ்டம், இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் அதற்கு நேரம் கிடைக்காமல் போவது பெரிய இழப்பு.

புண் ஆய்வு வெளிவந்த அடுத்த ஆண்டு, ஃப்ளூ தடுப்பூசியை வைத்துச் செய்த இன்னொரு சோதனையை ஒஹாயோ குழு வெளியிட்டது. மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் 32 பேருக்கும், அவர்களுக்கு இணையான மற்ற 32 பேருக்கும் ஊசி போட்டார்கள். எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களில் 66 சதவீதம் பேருக்கு அப்படி உயர்ந்தது. பராமரிப்பவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் உயர்ந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் யார் என்று யோசித்தால் இந்த எண்களின் கனம் புரியும். கணவருக்கு எழுபத்தைந்து, மனைவிக்கு எழுபது. அவருக்குப் பக்கவாதமோ மறதி நோயோ வந்துவிட்டால் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, ராத்திரி மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அந்த அம்மாவின் தலையில். கணவரின் மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுப்பவர் தன் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவார். கணவர் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருப்பதை நின்றபடியே சாப்பிடுவார். வீட்டில் நோயாளி ஒருவர்தான் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது நோயாளி மெல்ல உருவாகிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இதுதான் அதிகம். இப்படிப்பட்ட வீடுகள் இனி கூடத்தான் செய்யும்.

எதிர்ப்பு சக்தி இறங்கிவிட்டதை உடல் வெளிப்படையாகக் காட்டும் இடங்களில் ஒன்று அக்கி. சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. அதை அங்கேயே அடக்கி வைத்திருப்பவை டி செல்கள். அவை தளர்ந்ததும் வைரஸ் நரம்பு வழியே இறங்கி, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளங்களாக வெடிக்கிறது. காவியைக் குழைத்துப் பூசி அக்கி எழுதும் வழக்கம் தமிழகக் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. கொப்புளம் சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும் என்பதால் எழுதியதால்தான் சரியாயிற்று என்று தோன்றும். ஆனால் முதியவர்கள் பலருக்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நரம்பு எரிச்சல் நீடிக்கிறது. சட்டைத் துணி உரசினாலே துடித்துப்போவார்கள். கொப்புளம் தோன்றி மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நோயின் கடுமை குறையும். எழுதுவதில் அந்த மூன்று நாள் கழிந்துவிடக் கூடாது.

உளைச்சல் நேரடியாக மட்டும் வேலை செய்வதில்லை. பழக்கவழக்கங்கள் வழியாகவும் வேலை செய்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய 5,744 அமெரிக்கர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாழ்க்கையில் அதிக நெருக்கடிகளைச் சந்தித்தவர்களிடம் புதிய டி செல்கள் குறைவாகவும் தேய்ந்துபோன பழைய செல்கள் அதிகமாகவும் இருந்தன. அவர்களுடைய உணவையும் உடற்பயிற்சிக் குறைவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பின் பலம் கணிசமாகக் குறைந்தது. கவலை வந்தவர் நடப்பதை நிறுத்துகிறார், கண்டதைச் சாப்பிடுகிறார், சரியாகத் தூங்குவதில்லை, விட்டிருந்த பீடியையோ புகையிலையையோ மறுபடி தொடுகிறார். சேதத்தில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. கணவனின் நோயை மனைவியால் மாற்ற முடியாது. அன்றாடப் பழக்கத்தில் சிலவற்றையாவது மாற்ற முடியும் என்பதால் இந்தக் கண்டுபிடிப்பு ஆறுதலானது.

மாற்றக்கூடிய பழக்கங்களில் முதலிடம் உடலுழைப்புக்குத் தர வேண்டும். 55 முதல் 79 வயது வரையிலான, வாழ்நாளின் பெரும்பகுதி சைக்கிள் ஓட்டிவந்த 125 பேரை பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் ஓட்டக்கூடியவர்களாகவும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள் ஓட்டக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவர்களுடைய தைமஸ், இளைஞர்களுடையதைப் போலவே புதிய டி செல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தே காலம் கழித்த சம வயதினரிடம் அப்படி இல்லை. வேலை செய்யும் தசை, தைமஸைக் காக்கும் இன்டர்லூக்கின்-7 போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எழுபது வயதில் புதிதாகத் தொடங்கினால் இதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் தாமதமாகத் தொடங்குபவர்களுக்கும் பலன் உண்டு என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 59 முதல் 86 வயது வரையிலான 112 பேரில் ஒரு பகுதியினருக்கு 16 வாரம் தாய் சீ என்ற சீன மென்பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். அக்கி வைரஸுக்கு எதிரான அவர்களுடைய டி செல் பலம், தடுப்பூசியால் கிடைக்கும் அளவுக்கு ஊசி போடும் முன்பே உயர்ந்திருந்தது. 2007இல் வெளிவந்த முடிவு இது. மூச்சைக் கவனித்தபடி மெதுவாக உடலை அசைக்கும் பயிற்சிதான் தாய் சீ. காலை நடையும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் எந்த வீட்டிலும் முடியும். தசை வலுவுக்கு நடை மட்டும் போதாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தூக்கம் அடுத்தது. ஆரோக்கியமான இளைஞர்களைச் சில நாள் இரவில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு ஃப்ளூ ஊசி போட்டபோது, பத்து நாள் கழித்து அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள் நன்றாகத் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. 164 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டுப் பார்த்த 2015 ஆய்வில், ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஜலதோஷம் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. வயதானால் தூக்கம் குறைவது இயல்பு என்று விட்டுவிடுவதற்கு முன், மூட்டு வலியா, அடிக்கடி சிறுநீர் போவதா, குறட்டையோடு மூச்சுத் திணறலா என்று காரணம் தேடுவது நல்லது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் முறை மாற்றிவிட்டால், அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

சாப்பாட்டில் தமிழ் முதியவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது புரதம். பல் போய்விட்டது, செரிக்கவில்லை என்று இட்லியும் ரசஞ்சாதமும் கஞ்சியுமாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். எதிர்ப்பொருள்கள் எல்லாமே புரதம், தசையும் புரதம்தான். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை முதியவர்களுக்குத் தேவை என்கிறார்கள் முதியோர் நல வல்லுநர்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும் என்பதால், பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று வேளைக்கு ஒன்றாகச் சேர்த்தால்தான் கணக்கு நிறைவாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளுக்கும் டானிக்குகளுக்கும் பென்ஷன் பணத்தைக் கொட்டுவதைவிட, அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

தனிமை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 276 பேருக்கு ஜலதோஷ வைரஸைக் கொடுத்துப் பார்த்து 1997இல் ஒரு முடிவை வெளியிட்டார். துணை, பிள்ளைகள், நண்பர்கள், அக்கம்பக்கத்தார், கோயில் அல்லது சங்கம் என்று பல வகை உறவுகள் உள்ளவர்களுக்கு ஜலதோஷம் குறைவாகவே வந்தது. உறவுகளின் எண்ணிக்கையைவிட வகைதான் முக்கியம் என்பது இதில் கவனிக்க வேண்டியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தினமும் வீடியோ காலில் பேசுவது நல்லதுதான். ஆனால் அது ஒரே வகை. தெருமுனைத் திண்ணையில் உட்காரும் கூட்டமும், பஜனை மடமும், காலையில் பூங்காவில் நடப்பவர்களின் குழுவும் தரும் பலனை அதுவே தந்துவிடாது.

தடுப்பூசி என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. முதியவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும், நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. அக்கிக்கான புதிய தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது என்றாலும் விலை அதிகம். நோயாளிக்கு ஊசி போட அழைத்துப் போகும் அன்றே, கூட வருபவருக்கும் போட்டுவிடுவது சரியான வழக்கம். நல்ல தூக்கம் கிடைக்கும் நாட்களாகப் பார்த்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் சில நேரம் காய்ச்சல் அடிக்காது. திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், சாப்பாட்டை வெறுப்பது ஆகியவையே அறிகுறியாக இருக்கலாம். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டால் நிமோனியா முற்றிவிடும்.

ஒஹாயோ குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு எச்சரிக்கையைச் சேர்க்கிறது. மறதி நோயாளியான துணையைப் பராமரித்த 119 பேரையும் மற்ற 106 பேரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இன்டர்லூக்கின்-6 உயரும் வேகம் பராமரித்தவர்களிடம் சுமார் நான்கு மடங்கு இருந்தது. பழக்கவழக்க வித்தியாசங்களால் மட்டும் அதை விளக்கிவிட முடியவில்லை. நோயாளி இறந்து பொறுப்பு முடிந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வேகம் தணியவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த மனைவிக்கோ கணவருக்கோ ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.